காயலாங்கடை இரும்பும் கலைக்கூடத்து இரும்பும்

பெரம்பூர்ப் பக்கம் எதையும் சும்மா தூக்கிப் போட முடியாது. போட்ட அரை மணி நேரத்தில் அதற்கு ஒரு விலை வந்துவிடும். உடைந்த குக்கர் அலுமினியக் கணக்கு. பழைய குழாய் பித்தளைக் கணக்கு. சைக்கிள் சட்டம் இரும்புக் கணக்கு. ஃபேன் மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்குத்தான் ராஜ மரியாதை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தள்ளுவண்டிக் காலம் போய்விட்டது, ஆனாலும் தராசு அப்படியே இருக்கிறது.

இந்தக் கடைக்குச் சென்னையில் ஒரு பெயர் உண்டு: காயலாங்கடை. இந்த வியாபாரத்தை இங்கே கொண்டுவந்தவர்கள் காயல்பட்டினத்துக்காரர்கள், 'காயலான் கடை'தான் அப்படித் தேய்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். காயலாவில் கிடக்கும் பொருள்கள் சேரும் கடை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

நிற்க. இப்போது இதே உடைசல் பொருள்களைச் சேர்த்து, பற்றவைத்து, விளக்கு போட்டு, சுவரோரம் நிறுத்தி 'கண்காட்சி' என்று வைக்கிறார்கள். உலகம் முழுக்க நடக்கிறது, சென்னையிலும் நடக்கிறது. காயலாங்கடையில் கிலோ கணக்கில் போகிற அதே பிரேக் கட்டை இங்கே சிற்பத்தின் முதுகெலும்பாக நிற்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவில் அந்த இரும்புக்கு என்ன நடந்தது? விலை ஏறியது மட்டுமா, வேறு ஏதாவது கூடியதா? அல்லது எதையாவது இழந்ததா?

இந்தக் கேள்வியைக் கேட்க பெரம்பூரை விட நல்ல ஊர் கிடையாது.

முதலில் ஊர்க் கதை கொஞ்சம். 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப்., அதாவது ரயில் பெட்டித் தொழிற்சாலை, இங்கேதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் ஆரம்பித்தது. முதலில் ஷெல், அதாவது பெட்டியின் வெளிக்கூடு மட்டும். உள்ளே சீட்டு, மின்விசிறி, ஜன்னல் எல்லாம் பொருத்தும் ஃபர்னிஷிங் பிரிவு 1962-ல் வந்தது. இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இங்கிருந்து போயிருக்கின்றன. அதற்கும் முன்னால், 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டவை பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸும் லோகோ ஒர்க்ஸும். ஒன்று பெட்டி பழுது பார்க்கும், இன்னொன்று எஞ்சின் பழுது பார்க்கும். பெட்டி பிறக்கும் இடமும் அதற்கு வைத்தியம் நடக்கும் இடமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது.

ஒரு பழைய மாடல் ஐ.சி.எஃப். பெட்டிக்கு அதிகாரபூர்வ ஆயுள் 25 வருடம். அது முடிந்தால் 'கண்டம்' என்று முத்திரை. இந்த வார்த்தையை வடசென்னையில் பஸ்ஸுக்கும் சொல்வார்கள், லாரிக்கும் சொல்வார்கள், சில சமயம் மனுஷனுக்கும் சொல்வார்கள். ஆனால் கண்டமான பெட்டி உடனே குப்பையாகிவிடாது. சில பயணிகள் பெட்டிகளில் சீட்டையெல்லாம் பிடுங்கி, ஜன்னலை அடைத்து, பின்பக்கம் கதவு வைத்து, புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டியாக மாற்றிவிடுகிறார்கள். மிச்சம் வெட்டப்பட்டு, வகை பிரிக்கப்பட்டு, ஏலத்துக்குப் போகிறது. அந்த ஏலமும் இப்போது ஆன்லைன்தான்.

ஆக, 'கண்டெடுத்த பொருளில் கலை' என்று ஊர் சுற்றிச் சொல்லப்படும் விஷயத்தின் முதல் பாதி பெரம்பூருக்கு அன்றாடப் பிழைப்பு. எடுப்பது, பிரிப்பது, மாற்றுவது. இரண்டாவது பாதிதான் புதுசு.

அந்த இரண்டாவது பாதியையும் இங்கேயே பார்க்கலாம். நியூ ஆவடி ரோட்டில், ஃபர்னிஷிங் பிரிவுக்குப் பக்கத்தில், 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகம். ஆறு ஏக்கருக்கு மேல் இடம். பழைய நீராவி எஞ்சின்கள், ஊட்டி மலை ரயில், வெள்ளைக்காரன் காலத்துப் பெட்டிகள் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். ரயில் கழிவு இரும்பில் செய்த உருவங்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக் கூட்டம் குழந்தைகளோடு வந்தது. அவர்களுக்கு அது போட்டோ எடுக்கும் இடம். தப்பில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் இன்னொரு வகைப் பார்வையாளர் உண்டு. முப்பது, முப்பத்தைந்து வருடம் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அவருக்கு முழு உருவம் தெரிவதற்கு முன்பே பாகங்கள் தெரிந்துவிடும். "இது காயில் ஸ்பிரிங்குடா. இது பஃபர் பிளேட். இந்த வெல்டிங் சரியில்லை, பாரு, புடைச்சிக்கிட்டு இருக்கு." உலகத்தில் எந்தக் கலைக்கூடத்திலும் இப்படி ஒரு விமர்சகர் கிடைக்க மாட்டார். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு இரும்பு. அவருக்கு அது எங்கே இருந்தது, எவ்வளவு பாரம் தாங்கியது, ஏன் தேய்ந்தது என்பது வரை தெரியும். அந்த உருவத்தை அவர் மட்டும்தான் இரண்டு முறை பார்க்கிறார். ஒரு முறை சிற்பமாக, இன்னொரு முறை ரயிலாக.

இந்த 'இரண்டு முறை பார்ப்பது'தான் இந்த வகைக் கலையின் உயிரே. இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் பிக்காசோ 1942-ல் செய்த காளைத் தலை. ஒரு சைக்கிள் சீட்டு, ஒரு ஹேண்டில்பார். அவ்வளவுதான். சீட்டு முகமாகிறது, ஹேண்டில்பார் கொம்பாகிறது. பார்த்தவுடன் காளை, அடுத்த நொடியில் சைக்கிள், மறுபடி காளை. சைக்கிள் தெரியாமலே போய்விட்டிருந்தால் அது வெறும் காளைப் பொம்மை. காளை தெரியாமல் போயிருந்தால் அது வெறும் காயலாங்கடைச் சரக்கு. என்றாவது ஒருநாள் ஒரு தொழிலாளி வந்து அதைப் பிரித்து மறுபடி சைக்கிளுக்கே மாட்டிக்கொள்ளலாம் என்கிற எண்ணம் பிக்காசோவுக்கே பிடித்திருந்தது. பெரம்பூர்க்காரர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

சென்னையில் பட்டறையும் ஓவியப் பள்ளியும் ஆரம்பத்தில் அவ்வளவு தள்ளி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளிதான் இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே 1890-களின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். நம்ம ஊர்ச் சமையலறையில் அலுமினியம் நுழைந்த கதையில் ஓவியப் பள்ளியின் பட்டறைக்கும் பங்கு உண்டு! பின்னால் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் வந்த தலைமுறை 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியது. பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டைத் தட்டியும் பற்றவைத்தும் சிற்பம் செய்தார். எஸ். நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்தே தனக்கென்று ஒரு பாணியைக் கண்டுபிடித்தார். இவை கழிவுப் பொருள் சிற்பங்கள் அல்ல. ஆனால் கல்லும் வெண்கல வார்ப்பும்தான் சிற்பம் என்றிருந்த ஊரில், தகடும் வெல்டிங்கும் சிற்பம்தான் என்று ஒத்துக்கொள்ள வைத்தவர்கள் இவர்கள். இன்றைக்கு ஒரு மாணவர் பல்சக்கரத்தைப் பற்றவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினால் "இது என்னப்பா?" என்று யாரும் விரட்டுவதில்லை என்றால், அதற்கு இவர்கள் ஒரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கழிவுப் பொருள் கண்காட்சிகள் பலவற்றில் ஒரு வியாதி இருக்கிறது. மயில், குதிரை, யானை, கழுகு. இது முடிந்தால் ரோபோ. செயின் எடுத்துத் தோகை, ஸ்பேனர் எடுத்துக் கால், பேரிங் எடுத்துக் கண். கைத்திறமையைக் குறை சொல்ல முடியாது, சில வேலைப்பாடுகள் அசத்தலாக இருக்கும். ஆனால் வெளியே வந்ததும் மனதில் நிற்பது "எப்படித்தான் செஞ்சாங்களோ!" என்பது மட்டும்தான். அந்தச் செயின் எந்த வண்டியில் ஓடியது, அந்த ஸ்பேனரை எந்தக் கை பிடித்தது என்ற கேள்வியே எழாது. பொருளின் பழைய வாழ்க்கை மயிலின் அழகுக்குள் அமுங்கிப் போகிறது.

டெல்லியில் 2019-ல் திறந்த 'வேஸ்ட் டு வொண்டர்' பூங்கா இதற்குப் பெரிய உதாரணம். சுமார் 150 டன் கழிவில் தாஜ்மஹாலும் ஈஃபிள் கோபுரமும் பிரமிடும் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். கூட்டம் அள்ளுகிறது. 150 டன் இரும்பு இப்படி ஒரு வேலைக்குப் பயன்பட்டது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ஈஃபிள் கோபுரத்தைப் பார்ப்பவருக்குப் பாரீஸ் ஞாபகம் வருமே தவிர, டெல்லி ஞாபகம் வருமா?

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பவர் நேக் சந்த். 1924-ல் பிறந்தவர். பிரிவினையில் ஊரை விட்டு வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர் வேலை. பல கிராமங்களைக் காலி செய்துதான் அந்தப் புது நகரத்தைக் கட்டினார்கள். இடிந்த வீடுகளின் உடைசல், உடைந்த பீங்கான், கண்ணாடி வளையல் துண்டு, ஓடைக் கல் என்று எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றி, அரசாங்கக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சேர்த்தார். 1957 வாக்கில் ஆரம்பித்து, பதினெட்டு வருடம் போல ரகசியமாக! 1970-களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். மக்கள் ஆதரவால் தப்பியது. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள், அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் காலமானார். அந்த ராக் கார்டனில் வளையல் துண்டால் உடுத்திய பெண் உருவங்கள் வரிசையாக நிற்கும். அவை அழகாக இருப்பதால் மட்டும் அல்ல, இடித்த ஊரின் உடைசலே ஊர் ஜனங்களாக நிற்பதால்தான் அந்த இடம் மனதைப் பிசைகிறது. அங்கே பொருள் எங்கிருந்து வந்தது என்பதே கதை.

விவான் சுந்தரம் செய்ததும் இந்த வகைதான். 2008-ல் 'டிராஷ்' என்ற தொடருக்காக, குப்பை பொறுக்குபவர்களின் உதவியோடு சேகரித்த கழிவை வைத்துத் தன் ஸ்டூடியோ தரையில் ஒரு முழு நகரத்தையே பரப்பிப் படம் எடுத்தார். 2012-ல் முதல் கொச்சி-முசிறி பினாலேயில், பட்டணம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளால் ஒரு துறைமுக நகரத்தைப் பரப்பி, அதற்கு மிளகின் பெயரான 'பிளாக் கோல்ட்' என்று பெயர் வைத்தார். சங்கப் பாட்டில் வரும் முசிறி இதுவாக இருக்கலாம் என்று பேசப்படும் இடத்தின் ஓடுகள் அவை. கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்த எல் அனட்சுயி மதுப் புட்டி மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு பட்டாடை போலத் தொங்கவிடுகிறார். தூரத்தில் தங்க ஜரிகை, கிட்டே போனால் சாராய கம்பெனி பெயர். ஐரோப்பியன் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த சரக்குகளில் சாராயமும் ஒன்று என்பது தெரிந்தவருக்கு அந்த ஜரிகை வேறு மாதிரி தெரியும். 2015 வெனிஸ் பினாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது.

இப்போது பெரம்பூருக்குத் திரும்பலாம். இங்கே இப்படிச் சொல்லப்பட வேண்டிய கதை ஏதாவது இருக்கிறதா?

பின்னி மில் இருக்கிறதே! அதாவது, இருந்ததே. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள். பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்த மில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27-ல் பிறந்தது இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு பெயர்களெல்லாம் அதோடு வரும். 1921-ல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்புக் கலவரம் எல்லாம் இந்தச் சுவர்களைச் சுற்றி நடந்தவை. 1996-ல் மில் மூடப்பட்டது. தறிகள் போன பிறகு காலிக் கொட்டகைகள் சினிமாக்காரர்களுக்குச் சண்டைக்காட்சி எடுக்கும் இடமாயின. வில்லனின் கோடவுன் என்று தமிழ் சினிமா காட்டியதில் பல இடங்கள் இங்கே எடுத்தவை. அப்புறம் அடுக்குமாடிகள் வந்தன.

ஒரு தறியின் ஒரு பாகமாவது, ஒரு சங்கு ஊதும் குழலாவது, ஷிஃப்ட் டோக்கனாவது ஊர் பார்க்கும்படி ஒரு இடத்தில் நிற்க வேண்டாமா? எடைக்குப் போய் உருகிவிட்ட இரும்புக்கு ஞாபகம் கிடையாது. அது அடுத்த மாதம் கட்டடக் கம்பியாக வரும், அதில் பின்னியும் இருக்காது, 1921-ம் இருக்காது. கழிவுப் பொருளில் செய்யும் கலைக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. உருகப் போவதற்கு முன்னால் ஒரு பொருளை நிறுத்தி, "நீ யார்?" என்று கேட்பது.

அடுத்த விஷயம், தூரம். சென்னையில் இப்படிப்பட்ட கண்காட்சிகளுக்கு வழக்கமான முகவரி கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, இல்லையென்றால் தெற்கே கடற்கரைச் சாலை வழியே சோழமண்டலம், தட்சிணசித்ரா. எல்லாமே நல்ல இடங்கள். லலித் கலாவில் சிற்பம், மண், அச்சு என்று பட்டறைகளே இருக்கின்றன, பல இளைஞர்களுக்கு அது தாய்வீடு. ஆனால் நகரத்தின் குப்பையில் பெரும் பங்கு எங்கே போகிறது? பெரம்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கொடுங்கையூருக்கு. சுமார் 340 ஏக்கர். பல பத்தாண்டுகளாகக் கொட்டியது மலையாகி, தீப்பிடித்தால் புகை வியாசர்பாடி, பெரம்பூர் வரை வரும். அந்த மலையைத் தோண்டிப் பிரிக்கும் வேலைகள் 2020-களில் தொடங்கின. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே கையால் பிரித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக் தனி, தகரம் தனி, கண்ணாடி தனி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே எது என்ன ரகம் என்று சொல்லக்கூடியவர்கள். கழிவு வடக்கே வருகிறது, கழிவில் செய்த கலை தெற்கே போகிறது. பொறுக்கியவர் அதைப் பார்ப்பதே இல்லை.

இதற்கு எதிர்க்கேள்வியும் நியாயமானதுதான். "வயித்துப் பொழப்புக்கு எடைக்குப் போடுறவனுக்குச் சிற்பம் எதுக்கு?" என்று கேட்கலாம். பதில் ஆயுத பூஜையில் இருக்கிறது. அன்றைக்கு வடசென்னையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும், லேத் மெஷினிலிருந்து சின்ன ஸ்பேனர் வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அழுக்கு எண்ணெயில் கிடந்த பொருளை வருடத்தில் ஒருநாள் சுத்தம் செய்து, எடுத்து நிறுத்தி, எல்லோரும் நின்று பார்ப்பது. அதைக் கண்காட்சி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் கண்காட்சி செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. பொருளை நின்று பார்க்கத் தெரியாத ஜனங்கள் இல்லை இவர்கள்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு, மறைக்க வேண்டாம். கடல் காற்று அடிக்கும் ஊரில் வெட்டவெளி இரும்பு சீக்கிரம் துருவேறும். வருடா வருடம் பெயிண்ட் அடித்தால் பொருளின் முகமே மறைந்துவிடும், அடிக்காவிட்டால் ஓட்டை விழும். செம்பு, பித்தளை வைத்தால் ஒரே ராத்திரியில் காணாமல் போகும் (நேரே காயலாங்கடைக்கு. பிக்காசோவின் ஆசை நிறைவேறும்!). கூர் முனைகளைத் தேய்க்காவிட்டால் குழந்தைகள் கையைக் கிழித்துக்கொள்ளும். வெல்டிங் கூலி இரும்பு விலையை விட அதிகம். இதையெல்லாம் யோசிக்காமல் திறப்பு விழா மட்டும் நடத்தினால் இரண்டே வருடத்தில் சிற்பமே கழிவாகிவிடும்.

ஆனால் காசே தேவைப்படாத ஒரு வேலை இருக்கிறது. பெயர்ப் பலகை. கழிவுப் பொருள் சிற்பங்களின் கீழே வழக்கமாக என்ன எழுதியிருக்கும்? தலைப்பு, கலைஞர் பெயர், வருடம், 'உலோகம்'. அந்த 'உலோகம்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் விரித்து எழுதினால் போதும். இந்த வளையம் ஒரு பெட்டியின் காயில் ஸ்பிரிங். எந்த ஷாப்பில் பொருத்தியது. என்ன பாரம் தாங்கும். எதனால் கழித்தார்கள். யாரிடம் கேட்டு எழுதுவது என்று தேட வேண்டியதே இல்லை. பேரனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரும் அந்தப் பெரியவரிடம் ஒரு பேனாவைக் கொடுத்தால் ஆயிற்று. வெல்டிங்கைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவிடுவார், கலைஞர் கோபித்துக்கொள்ளக் கூடாது.